பாவாயம்மாவுக்கு ஒரு டிப்பர் நாற்காலி

1. காரைவிட்டு இறங்காத கஸ்டமர்

எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் நான் ஃபிட்டர். வெறும் சேசிஸ் வந்தால் கேபின், தொட்டி, கதவு எல்லாம் கட்டி அனுப்புவோம். டிப்பர் வேலை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஒரு நாள் காலையில் பட்டறை வாசலில் ஓர் அம்பாசிடர் வந்து நின்று, விடாமல் ஹாரன் அடித்தது. உள்ளே பாவாயம்மா. மூன்று லாரியும் பெரிய தோட்டமும் வைத்திருந்தவர். புருஷன் போன பிறகு எல்லாவற்றையும் ஒண்டியாக நடத்தியவர். எங்கள் முதலாளி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"எறங்குங்கம்மா. உள்ள வந்து உக்காருங்க" என்றார் முதலாளி.

"உக்காந்தா எந்திரிக்க முடியாது. அதுக்குத்தான் வந்திருக்கறேன்" என்றார் பாவாயம்மா.

இரண்டு முழங்காலும் மடங்க மறுக்கின்றனவாம். நின்றுவிட்டால் கோலை ஊன்றி நடந்துவிடுவார். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ, இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து மூட்டை மாதிரித் தூக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரம்பரை வந்தால் எழுந்து நின்று "வாங்க" என்று கேட்க வேண்டும். உறவுக்காரர்கள் சோறு போடாததைக்கூட மறந்துவிடுவார்கள், வாங்க என்று கேட்காததை மறக்க மாட்டார்கள். போன மாதம் இவர் மகள் சரசுவைப் பெண் பார்க்க வந்தவர்கள், 'அந்தம்மா உக்காந்த எடத்துலயே வாங்கன்னுது, என்ன திமிரு' என்று போய்விட்டார்கள்.

"முட்டி வலின்னு சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"சொன்னா, ஆத்தாளுக்கே நோக்காடு, மகளுக்கும் வரும்னு தட்டிக் கழிப்பானுக. அடுத்த வெள்ளிக்கெழம வெண்ணந்தூர்ல இருந்து வாராங்க. நல்ல எடம். அன்னிக்கு நானாவே எந்திரிச்சு நிக்கோணும். ஒருத்தரும் என்னைத் தொடக்கூடாது. அதுக்கு ஒரு சேர் வேணும்."

"பண்ணிப்போடலாமுங்க" என்றார் முதலாளி. எங்கள் முதலாளிக்கு முடியாது என்ற வார்த்தை தெரியாது. செய்வது நாங்கள்தானே.

2. சலூன் சேர்

முதலாளியின் முதல் யோசனை சேலத்தில் பழசாக வாங்கிய சலூன் நாற்காலி. மிதித்தால் மேலே ஏறும். அதை வேனில் ஏற்றிக்கொண்டு பாவாயம்மா வீட்டுக்குப் போனோம். அவரை உட்காரவைத்து நான் மிதித்தேன். நாற்காலி அருமையாக ஏறியது. பாவாயம்மாவும் ஏறினார். பாதம் இரண்டும் தரையைவிட்டு அரை அடி மேலே தொங்கின.

"ஏஞ்சாமி, இப்ப என்ன, சேவிங் பண்ணி உடப்போறயா?" என்றார்.

கீழே இறக்கி, வேனில் ஏற்றித் திரும்பினோம். வழியெல்லாம் முதலாளி என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். யோசனை அவருடையது.

3. சுத்தமாக இறங்கிய லோடு

இனி என் முறை. டிப்பரில் தொட்டி எப்படித் தூக்கும்? ஒரு பக்கம் கீல், மறுபக்கம் ஹைட்ராலிக். அதையே சின்னதாக்கினேன். சீட்டின் முன்விளிம்பில் கீல். பின்பக்கம் அடியில் ஒரு லாரி ஜாக்கி. கையை நீட்டினால் எட்டுகிற மாதிரி ஜாக்கிக்கு நீளக் கைப்பிடி. அடிக்க அடிக்க சீட்டின் பின்பக்கம் உயர்ந்து ஆளை முன்னால் எழுப்பும். மேலே சிவப்பு ரெக்ஸின், முதல் தரம், வழவழவென்று.

பாவாயம்மா வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், நாற்காலியை வைத்து, ஒரு பருத்திக்கொட்டை மூட்டையை அதில் உட்காரவைத்து அவருக்குச் செய்து காட்டினேன். சீட்டு சாய்ந்தது. மூட்டை வழுக்கிக்கொண்டு வந்து, தரையில் பொத்தென்று குப்புற விழுந்தது. ஒரு இடத்தில்கூடச் சிக்கவில்லை. நானும் முதலாளியும் கைதட்டினோம். எங்கள் தொழிலில் லோடு அப்படி இறங்கினால் அதுதான் வெற்றி.

பாவாயம்மா மூட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏப்பா, அந்த மூட்ட எந்திரிச்சு நின்னுச்சா?"

எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பட்டறைக்கு வந்ததும் என் இரண்டு முழங்காலிலும் மூங்கில் தப்பை வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு முறை மூட்டைபோலவே விழுந்தேன். ஆனால் விஷயம் புரிந்தது. எழும்போது பாதம் பின்னால் வர இடம் வேண்டும். முன்னால் இருந்த குறுக்குச்சட்டத்தை அறுத்து எடுத்தேன். கைதாங்கியும் சீட்டோடு சேர்ந்து உயர வேண்டும். அதையும் சீட்டோடு வெல்டிங் வைத்தேன். ரெக்ஸினைக் கிழித்துவிட்டு, வழுக்காத முரட்டுச் சாக்கு தைத்தேன். அளவுக்கு மேல் சாயாமலிருக்க லாரிக் கதவுச் சங்கிலி போட்டேன். அம்மாவின் முழங்கால் உயரத்தைச் சரசு நூலால் அளந்து கொடுத்தாள்.

4. வெள்ளிக்கிழமை

மாப்பிள்ளை வீட்டுக் கார் தோட்டத்துத் தடத்தில் திரும்பியதுமே பாவாயம்மா ஜாக்கியை அடிக்கத் தொடங்கினார். ஏதாவது கோளாறானால் பார்க்க என்னைப் பக்கத்து அறையில் ஒளித்துவைத்திருந்தார்கள். அவர்கள் கால் கழுவி உள்ளே நுழையவும், பாவாயம்மா யாரும் தொடாமல் நிமிர்ந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"வாங்க, வாங்க! எல்லாரும் வாங்க!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குள் அடுத்த வம்பு.

"உக்காருங்க" என்றார் பாவாயம்மா.

"நீங்க பெரியவங்க. நீங்க உக்காருங்க மொதல்ல" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அட, நீங்க உக்காருங்க."

"நீங்க நிக்கறப்ப நாங்க எப்படீங்க உக்கார்றது?"

பாவாயம்மாவால் உட்காரவே முடியாது. சீட்டு தூக்கிய டிப்பர் தொட்டிபோல நின்றிருந்தது. அதை இறக்கும் ரிலீஸ் வால்வு ஜாக்கியின் அடியில், தரையோடு தரையாக இருந்தது. எழுவதைப் பற்றி அத்தனை நாள் யோசித்த நான், திரும்ப உட்காருவதைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஏழு பேர் நின்றுகொண்டே இருந்தார்கள். காபி ஆறியது. பாவாயம்மாவின் கால் நடுங்கத் தொடங்கியது.

வேறு வழியில்லை. ஸ்பேனரோடு அறையிலிருந்து தவழ்ந்தே வந்தேன். மாப்பிள்ளை வீட்டார் விலகி வழிவிட்டார்கள். நாற்காலிக்கு அடியில் புகுந்து, "சாஞ்சுக்குங்கம்மா" என்று சொல்லி வால்வை மெல்லத் திருகினேன். புஸ்ஸென்று பாவாயம்மா இறங்கினார்.

உட்கார்ந்ததும் அவரே சொன்னார்: "எனக்கு முட்டி மடங்காதுங்க. திமிரெல்லாம் இல்லீங்க. உங்களுக்கு எந்திரிச்சு நிக்கோணும்னு இவனைப் போட்டுப் பத்து நாளாப் பாடாப் படுத்திப்போட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்க, முட்டி வலிக்காத ஊடு எந்த ஊருலங்க இருக்குது? எங்களுக்காகவா இத்தன பாடு? பொண்ண வரச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள்.

5. நான் கேட்காதது

கல்யாணம் முடிந்த பிறகு, வால்வுக்கு ஒரு கம்பி நீட்டிக் கைதாங்கியிலேயே திருகும்படி வைக்கப் போனேன். வேலை முடிந்ததும் கொஞ்சம் பெருமையடித்தேன். "இனி எத்தன ஒரம்பரை வந்தாலும் கவலையில்லீங்கம்மா."

"ஒரம்பரை மாசத்துக்கு ஒருக்கா வாராங்க" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தெனமும் ஒண்ணுக்கிருக்கப் பொறத்தால பொடக்காலிக்குப் போவ எத்தன தடவ எந்திரிக்கோணும், சொல்லு. ஒவ்வொரு தடவையும் ஆளுகளக் கூப்புடக் கூசிக்கிட்டு, ரெண்டு வருசமா மத்தியானத்துக்கு மேல தண்ணியே குடிக்கறதில்ல சாமி. இப்பத்தான் வயித்துக்குக் குடிக்கறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கீல், ஜாக்கி, சங்கிலி என்று எல்லாவற்றையும் யோசித்தேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை.

அதன் பிறகு அந்த மாதிரி நாற்காலி பலருக்குச் செய்தேன். அளக்க டேப்பை எடுக்கும் முன் ஒரே கேள்விதான் கேட்பேன்: "எந்திரிச்சு எங்கீங்க போவோணும்?" கூட மகனோ மருமகளோ நின்றால் எல்லாரும் கோயிலுக்கு என்பார்கள். கூட நிற்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு முறை கேட்பேன்.