அப்பா நடத்திய தியான வகுப்பு

அப்பாவின் உள்ளங்கை ஒரு நைந்த சட்டையின் முதுகில் பதிந்திருந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பட்டாபிராமில், தெருவிலும் ரயில் பிளாட்பாரத்திலும் கிடந்தவர்களைக் கூட்டிவந்து வைத்திருந்த ஓர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடம் அது. ஞாயிறுதோறும் அப்பா அங்கே தியானம் சொல்லிக்கொடுத்தார். நிமிர்ந்து உட்காரச் சொல்லி ஒவ்வொருவர் முதுகையும் விரலால் லேசாகத் தொட்டுவிட்டுப் போவார். கடைசி வரிசையில் இருந்த ஒருவரிடம் மட்டும் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் நிற்பார். அவர் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பா. அந்தக் கூடத்தில் இது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும்.

பெரியம்மா இறந்துபோன பிறகு பெரியப்பா குடித்தார், தனக்குத்தானே பேசினார், ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விட்டார். தேடினோம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டோம். அதிகம் தேடவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் அவரை அந்த இல்லத்தில் பார்த்ததாகச் சொன்னார். அந்தச் சமயம் பார்த்து எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். திருநின்றவூரில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், "உங்க கூடப் பொறந்தவங்க?" என்று கேட்டார்கள். "யாரும் இல்லீங்க, நான் ஒருத்தன்தான்" என்றார் அப்பா. நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்காகக் காபியை நீட்டினேன். அந்தச் சம்பந்தம் எனக்கும் பிடித்திருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசிப்போகிறது.

அப்பா தியானம் பழகிய மன்றத்தில், அந்த இல்லத்துக்குப் போய் வகுப்பெடுக்க ஆள் கேட்டபோது அப்பா முந்திக்கொண்டார். எல்லோரும் மெச்சினார்கள். அண்ணனைப் பார்க்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை என்பது, பாய் விரித்துக்கொடுக்கக் கூடப்போன எனக்குத்தான் தெரியும். பெரியப்பாவும் முதல் நாளே புரிந்துகொண்டு, மற்றவர்களைப் போலவே அப்பாவை "சார்" என்றார்.

அங்கிருந்தவர்கள் அப்பாவைச் சும்மா விடமாட்டார்கள். "மூச்ச இன்னா சார் கவனிக்கறது? அது பாட்டுக்கு வந்துகினு போய்கினு கீது" என்பார், முன்பு பூ விற்றுப் பிழைத்த ஓர் அம்மா. அப்பாவே சிரித்துவிடுவார். பெரியப்பாவும் சிரிப்பார். இருவருக்கும் ஒரே பல்வரிசை. யாராவது கவனிக்கிறார்களா என்று நான் சுற்றிலும் பார்ப்பேன்.

தையில் எனக்குக் கல்யாணம் குறித்தாயிற்று. மார்கழியில் ஒரு ஞாயிறு, உறவுக்காரர்கள் வந்து கூப்பிட்டால் பொங்கலுக்கு வீட்டுக்குப் போய்வரலாம் என்று இல்லத்தை நடத்திய கன்னியாஸ்திரி சிஸ்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். வகுப்பு ஆரம்பித்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். அப்பா வழக்கம்போல் கடைசி வரிசைக்குப் போய் முதுகில் கை வைத்தார். பெரியப்பா கண்ணைத் திறந்து திரும்பினார்.

"பொங்கலுக்கு மட்டும் ஊட்டுக்கு வரட்டாடா? ரெண்டே நாளு. ஒரு மூலைல குந்திக்கினு கீறேன்."

பூக்காரம்மா கண்ணைத் திறந்து, "இன்னாய்யா, சாரையே டா போட்டுகினு கீறே?" என்றார். கூடமே சிரித்தது. அப்பா கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், அவர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். நான் குனிந்து ஒரு பாயின் ஓரத்தைச் சரிசெய்தேன்.

"கண்ண மூடுங்க ஐயா. மூச்ச மட்டும் கவனிங்க" என்றார் அப்பா, வகுப்பில் பேசும் அந்த மெதுவான குரலில்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இப்போது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் காலையில் தியான வகுப்பு வைக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் விடாமல் கூப்பிடுகிறாள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். கண்ணை மூடச் சொன்னால் பெரியப்பா அப்படிக் கேட்டதற்கு அடுத்த ஞாயிறு என் கண்முன் வந்துவிடும். அன்று நாங்கள் போனபோது கூடத்துக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை. நான் இன்னும் பாய்கூட விரிக்கவில்லை. பெரியப்பா மட்டும் கடைசி வரிசையில், வெறும் தரையில், நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்வதற்கு முன்பே கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தார்.