மின்மினியின் பின்விளக்கு

பதினேழு கிலோமீட்டர். வருடத்துக்கு இருநூற்றுத் தொண்ணூறு இரவுகள். ஒன்பது வருடம். பெருக்கிப் பார்த்தால் நாற்பத்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. பூமியை ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டு இரண்டாவது சுற்றையும் ஆரம்பித்திருக்கிறார் அந்த மனிதர். எல்லாமே இருட்டில், ஒரே ரோட்டில், வேலை முடிந்த களைப்பில்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துணி வெளுத்துத் தரும் சலவை ஆலையில், படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் உருளை இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார். ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் அது காகிதம் மாதிரி விறைப்பாக வந்து விழும். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு விரிப்பு. மாலை மூன்றுக்கு ஆரம்பித்து இரவு பதினொன்றே காலுக்கு முடிகிறது. கடைசி பஸ் பத்து நாற்பதுக்கே போய்விடும். அதனால்தான் சைக்கிள். கிளம்பும் நேரத்தில் அவருடைய பின்விளக்கு மட்டும் ஆலை வாசலில் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து யாரோ 'மின்மினி' என்று கூப்பிடப் போக, பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர்.

பகல் ஷிப்டுக்கு மாறலாமே என்று கேட்பவர்கள் அவர் வீட்டைப் பார்க்காதவர்கள். மனைவி காலை ஐந்தரைக்கு ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலைக்குக் கிளம்புகிறாள். மதியம் ஒன்றரைக்குத் திரும்புகிறாள். அவள் செருப்பைக் கழற்றும் இடத்தில்தான் அவர் செருப்பை மாட்டுகிறார். "மருந்து குடுத்தாச்சு, தண்ணி வெச்சாச்சு, போயிட்டு வரேன்" என்பதுதான் வேலை நாட்களில் அவர்களுடைய தாம்பத்தியம். நடுவில் கட்டிலில் இருப்பவர் மச்சான், மனைவியின் அண்ணன். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஒன்பது வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மின்மினி மாலை ஷிப்டுக்கு மாறியதும் அப்போதுதான். ஒரே ஒருமுறை மச்சானைத் தனியாக விட்டார்கள். தானே எழுந்து போகப் பார்த்து, குளியலறைத் தரையில் மூன்று மணி நேரம் கிடந்தார். அன்றிலிருந்து வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

போன மாதம், பன்னிரண்டாவது கிலோமீட்டரில், பின்னால் வந்த வேனின் பக்கக் கண்ணாடி சைக்கிள் கைப்பிடியில் இடித்தது. மின்மினி சைக்கிளோடு பள்ளத்தில் போய் விழுந்தார். முழங்கை தோல் உரிந்தது, கைப்பிடி திருகிக்கொண்டது. வேன்காரர் இறங்கி ஓடிவந்தார். கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"சத்தியமா உங்களைப் பாக்கவே இல்லைங்க."

இடிச்சவன் எல்லாம் சொல்றதுதான் என்று நினைத்துக்கொண்டார் மின்மினி.

வீட்டில் முழங்கைக்கு மருந்து போட்டபடியே மனைவி சொன்னாள்: "இனிமே சைக்கிள் வேண்டாம். வேலையை விட்டுடுங்க."

"விட்டுட்டு?"

அவள் மருந்து டப்பாவை மூடி வைத்தாள். கட்டிலில் மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிற மாதிரி நடிக்க அவருக்கு வராது. தூங்கினால் குறட்டை விடுவார்.

"நல்ல லைட்டா ஒண்ணு வாங்கிடறேன்" என்றார் மின்மினி. "லீவு நாள்ல ஓட்டிக் காட்டறேன், நீயே பாரு. அப்பவும் வேண்டாம்னா எழுதிக் குடுத்துடறேன்."

சைக்கிள் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து, பட்டப்பகலில் கடைச் சுவரில் அடித்துக் காட்டினார். வெயிலையும் மீறி ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது.

"ஆயிரத்து இருநூறு லூமன் சார். காடு மேடெல்லாம் பகல் மாதிரி இருக்கும்."

"இதைவிடக் கம்மியா இருக்கா?"

"இருக்கு. ஆனா உயிர்ல போய் யாராவது சிக்கனம் பிடிப்பாங்களா?"

அந்தக் கேள்விக்கு மேல் வாங்காமல் வர முடியவில்லை.

முதல் இரவு ரோடு உண்மையிலேயே பகல் மாதிரிதான் இருந்தது. எதிரே வந்த கார் ஒன்று தடுமாறி ஓரமாக ஒதுங்கி நின்றது. கண்ணாடியை இறக்கிய ஆள் திட்டிய திட்டில் மின்மினியின் மூன்று தலைமுறையும் வந்து போனது. அடுத்து வந்த லாரி, பதிலுக்குத் தன் பெரிய விளக்கைப் போட, இவர் கண்ணில் வெறும் வெள்ளை. ரோடு எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாமல் இறங்கி நின்றுவிட்டார். பதினாலாவது கிலோமீட்டரில் பாட்டரியும் கையை விரித்தது. மிச்சத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றரை. மனைவி கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணி நேரத்தில் அவள் எழுந்து கிளம்ப வேண்டும். ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள். கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை மச்சான்தான் கேட்டார். வார்த்தைகள் கொஞ்சம் இழுத்துத்தான் வரும், ஆனால் கூர்மை குறையவில்லை.

"மாப்ள, நீ ரோட்டைப் பாக்கறதுக்கு லைட் வாங்கினியா, ரோட்டுல போறவன் உன்னைப் பாக்கறதுக்கு வாங்கினியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மச்சான்?"

"ரெண்டும் ஒண்ணுன்னா என் லாரிக்கு எதுக்குடா முன்னால ரெண்டு, பின்னால நாலு? உன்னை இடிச்ச வேன் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

"பின்னால."

"நீ எந்தப் பக்கத்துக்கு லைட் வாங்கியிருக்க?"

மின்மினி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

லீவு நாள் மாலை ஏழரைக்குச் சோதனை. வீடு முதல் மாடி. பின்பக்க பால்கனிக்குக் கீழே கிடங்குகளை ஒட்டி ஒரு நீளமான ரோடு, தெருவிளக்குகள் எரிவதில்லை. மச்சானைச் சக்கர நாற்காலியில் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். லாரி கேபினைவிடக் கொஞ்சம் உசரம்தான், பரவாயில்லை என்று அவர் பார்வையாலேயே அளந்தார். பிறகு கண்களைப் பாதி மூடிக்கொண்டார்.

"என்னண்ணே, தூக்கம் வருதா?" என்றாள் தங்கை.

"ராத்திரி பன்னண்டு மணிக்கு டிரைவர் கண்ணு இவ்வளவுதான் திறந்திருக்கும். அதான்."

வேலை முடிந்து திரும்புகிற கோலத்திலேயே வரச் சொல்லியிருந்தார் மச்சான். மின்மினியும் அப்படியே வந்தார். தோளில் பை, மேலே நீளமான கருநீலக் கோட்டு. உருளையின் நீராவியில் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு வெளியே வந்தால் வேர்வையில் காற்று பட்டு நடுக்கம் எடுக்கும். அதனால் எந்தக் காலத்திலும் அந்தக் கோட்டு உண்டு. பின்னாலிருந்து பார்க்கிற சோதனை என்பதால் முன்விளக்கைப் போடாமல், பின்விளக்கை மட்டும் அழுத்தினார். சிவப்பாக மினுக்கியது. எப்போதும் போலக் குனிந்து பார்த்துத் திருப்தியானார். ஏறி மிதித்தார்.

பத்து மிதி. இருபது மிதி.

"போயிட்டான்" என்றார் மச்சான். "காணோம்."

மனைவி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சைக்கிள் சங்கிலியின் சத்தம் கேட்டது. ஆள் இல்லை, சிவப்பும் இல்லை. ரோடு அவரை விழுங்கியிருந்தது. போன் போட்டாள்.

"லைட்டைப் போட்டீங்களா?"

"எரியுதே. இறங்கிப் பாக்கறேன் இரு... நல்லாத்தான் எரியுது."

"ஏறி உட்காருங்க."

உட்கார்ந்தார். தூரத்தில் ஒரு நொடி தெரிந்த சிவப்பு அணைந்தது. இறங்கச் சொன்னாள், எரிந்தது. ஏறச் சொன்னாள், அணைந்தது. மூன்றாவது தடவை அவளே கீழே இறங்கி ஓடினாள். உட்கார்ந்ததும் கோட்டின் பின்வால் சீட்டுக்கு மேல் சரிந்து, சீட்டுக்குக் கீழே மாட்டியிருந்த விளக்கைத் திரை போட்ட மாதிரி மூடிக்கொண்டது. ஒன்பது வருடமாக அவர் தினமும் விளக்கைச் சோதித்தது உண்மை. தான் ஏறாத சைக்கிளில் சோதித்தார். ஆலையில் மின்மினி என்று கூப்பிட்டவர்களும் அவர் ஏறுவதற்கு முன்னால் பார்த்தவர்கள்தான். ஏறிப் போகிற அவரைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டிய வேலை யாருக்கும் இருக்கவில்லை.

வேன்காரர் பொய் சொல்லவில்லை.

மாடிக்கு வந்ததும் மனைவி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்த லைட்டு இருக்குன்னுதான் இத்தனை வருஷமா நான் கண்ணை மூடினேன்."

மின்மினி கோட்டைக் கழற்றி மடித்தார். விரிப்பை மடிக்கிற மாதிரி முனையோடு முனை வைத்து மடித்தார்.

மச்சான் விடவில்லை. அன்றிரவே பட்டறை வைத்துவிட்டார். பின்விளக்கு சீட்டுக்கு அடியிலிருந்து பின்சக்கரத்தைத் தாங்கும் பக்கவாட்டுக் கம்பிக்கு இறங்கியது. மினுக்கக் கூடாது, நிலையாக எரிய வேண்டும். "வெட்டி வெட்டி எரிஞ்சா எவ்வளவு தூரத்துல இருக்கன்னு பிடிபடாது. கிட்ட வந்தப்புறம்தான் தெரியும், அப்போ பிரேக் போட்டு என்ன புண்ணியம்?" இரண்டு பெடலிலும் ஒளியைத் திருப்பியடிக்கும் ஸ்டிக்கர். "ரெண்டு பொட்டு மேலயும் கீழயும் போச்சுன்னா மனுஷக் கால்னு தெரிஞ்சுடும். அப்புறம் டிரைவர் கால் தன்னால போயிடும் பிரேக்குக்கு." ஆயிரத்து இருநூறு லூமன்காரனைத் தலை குனிய வைத்தார்கள், வெளிச்சம் பதினைந்து அடிக்கு முன்னால் தரையில் விழுந்தது. அளவையும் பாதியாகக் குறைத்ததில் பாட்டரி வீடு வரை வரும்.

மறுபடியும் மிதித்துக் காட்டினார். ரோட்டின் கடைசித் திருப்பம் வரை ஒரு சிவப்புப் புள்ளியும் ஏறி இறங்கும் இரண்டு பொட்டும் போயின.

"இது ஆளு" என்றார் மச்சான்.

மனைவி அப்போதும் சரி என்று சொல்லவில்லை. "மழையில?" என்று கேட்டாள்.

மச்சான் நினைத்திருந்தால் சமாளித்திருக்கலாம். "மழையில எந்த லைட்டும் உதவாதும்மா. கண்ணாடில தண்ணி வழிஞ்சா சிவப்பெல்லாம் கரைஞ்சு போயிடும். நானே எத்தனையோ பேரைக் கடைசி நொடில பாத்திருக்கேன்."

"அப்போ மழைன்னா ஆலையிலேயே படுத்துக்கட்டும்."

"படுத்துட்டு?" என்றார் மின்மினி. "முதல் பஸ் புடிச்சு நான் வந்து சேர ஏழு பத்து ஆகும். நீ அஞ்சரைக்குக் கிளம்பணும்."

"ஒண்ணே முக்கால் மணி நேரம்கூட இல்ல. நான் இருந்துக்கறேன்" என்றார் மச்சான்.

"இருந்த லட்சணத்தைத்தான் பாத்தோமே" என்றாள் தங்கை.

"எழுந்திருக்க மாட்டேன். ரெண்டு நாள் சீட்டை விட்டு இறங்காம ஓட்டினவன் நான். படுத்திருக்க மாட்டேனா?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். "சரி. மத்த நாள் போங்க. மழைன்னா வரக் கூடாது" என்றாள்.

மூன்று நாள் வானம் தெளிவாக இருந்தது. நாலாம் நாள் இரவு பத்து மணிக்கு ஆலைத் தகரக் கூரையில் சத்தம் ஆரம்பித்தது. மின்மினி வீட்டுக்குப் போன் செய்துவிட்டு, மடிப்பு மேசையின் மேல் நாலு விரிப்பைப் போட்டுப் படுத்தார். காலை ஐந்தரைக்கு மனைவி தண்ணீர் பாட்டிலையும் போனையும் அண்ணனின் வலது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினாள். மின்மினி ஏற வேண்டிய முதல் பஸ் ஆறு மணிக்கு.