கட்டைவிரலை மடக்கியவள்

என் தங்கை இதுவரை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில், பிழைக்காது என்று டாக்டரே கையை விரித்த காய்ச்சலை ஜெயித்தாள். பத்தொன்பது வயதில், கண்ணாடி வில்லைத் தொழிற்சாலையின் வாசலில் "எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் உள்ளே வரவும்" என்று மாட்டியிருந்த பலகையை, அதைப் படிக்கத் தெரியாத காரணத்தாலேயே தாண்டிப் போய் வேலை வாங்கி வந்தாள். பதினோரு வருடம் அங்கே ஒரு வில்லையில்கூடக் கீறல் விழ விடவில்லை. பிறகு, நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாமல் ஏழு தொடர்களில் நடித்தாள். ஒன்றிலும் அவள் முகம் வராது. கடைசியாக, அச்சடித்த காகிதம் ஒன்றிலிருந்து ஒரு வரியை அடிக்க வைத்தாள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பொடிந்து படுத்தபோது எனக்குப் பதினொன்று, தங்கைக்கு ஐந்து. பகலில் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். நான் ஏற்கெனவே பள்ளியில் உட்கார்ந்திருந்தவன். அவள் இன்னும் சேராதவள். அதனால் அவள் இருந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

வில்லைத் தொழிற்சாலையில் அவளுக்குத் துடைத்து உறையில் போடும் வேலை. மூக்குக் கண்ணாடிக்கான வில்லைகள். அதில் விரல் ரேகை பட்டால் அந்த வில்லை குப்பைக்குப் போகும். அதனால் எட்டு மணி நேரமும் வெள்ளைப் பருத்திக் கையுறை. மாதத்தில் ஒரு நாள் மட்டும் கையுறையைக் கழற்றி, சம்பளப் பதிவேட்டில் கட்டைவிரலை வைப்பாள். மற்ற நாளெல்லாம் ரேகை பட்டால் குற்றம், அன்றைக்கு ரேகை படாவிட்டால் குற்றம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பதினோரு வருடம் வெயில் படாமல் அந்தக் கைகள் தனியாக ஒரு நிறத்துக்கு வந்துவிட்டன. கண்ணாடியையே தொட்டுப் பழகியதால் எதை எடுத்தாலும் சத்தமில்லாமல் எடுப்பாள், சத்தமில்லாமல் வைப்பாள். என் மனைவி அவளைக் கேலி செய்வாள்: "நாத்தனாருக்கு முகம் நம்ம வீட்டு முகம். கை மட்டும் வேற எங்கயோ வாங்கி மாட்டினது."

தொழிற்சாலையை மூடினார்கள். நீளமான கட்டிடம், வரிசையாக இரும்புக் கதவு போட்ட அறைகள். ஒரு தொடர் எடுக்கும் கம்பெனி அதைச் சிறைச்சாலையாக மாற்றிக்கொள்ள வாடகைக்கு எடுத்தது. கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று என் தங்கையை வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் கதாநாயகியின் விரலில் குளவி கொட்டி, விரல் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டு கடிதத்தை வாங்க வேண்டிய காட்சி. டைரக்டரம்மா சுற்றிலும் எல்லாருடைய கைகளையும் பார்த்துக்கொண்டே வந்து, துடைப்பத்தைப் பிடித்திருந்த கையின் முன்னால் நின்றுவிட்டாராம்.

"உங்க பேரு என்னம்மா?" என்று அவர் கேட்கவில்லை. "இந்தத் துடைப்பத்தைக் கீழ வைங்க. எப்படி வைக்கிறீங்கன்னு பாக்கணும்" என்றார். அவள் வைத்தாள். சத்தமே வரவில்லை. அவ்வளவுதான் தேர்வு.

அந்த டைரக்டரம்மாவின் கதைகள் எல்லாம் இருட்டுக் கதைகள். சிறை, ஆசை, ஆவி, இந்த மூன்றும் இல்லாமல் அவருக்குக் கதை நகராது. எனக்கு இவற்றில் பழக்கமில்லை. ஆனால் தங்கையின் கை வருகிறது என்றதும் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்த்தேன், எந்த இடத்தில் வருகிறது என்று நிமிடத்தோடு குறித்தும் வைத்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க, எப்படி எடுக்கிறார்கள் என்ற ஆவல் எனக்குத் தொற்றிக்கொண்டது. அவள் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொள்வேன்.

"சுவத்துக்குள்ள இருந்து அந்தச் செத்துப்போனவளோட கை வந்துச்சே, எப்படி அது நீலமா இருந்துச்சு? பெயிண்டா?"

"பெயிண்ட் அடிச்சா செத்த கை மாதிரி இருக்காதுண்ணா, சுவர் மாதிரிதான் இருக்கும். ஐஸ் வாளிக்குள்ள பத்து நிமிஷம் வச்சிருந்தேன். மயிர்க்கால் எல்லாம் நிக்கணுமாம். வெளிய எடுத்ததும் ஆடாம இருக்கணும், அதான் கஷ்டம்."

"ஆவி எதுக்கு வருது அந்தக் கதையில?"

"அத யாரும் எனக்குச் சொல்லல. கைக்கு எதுக்குக் கதைன்னு விட்டுட்டாங்க."

இரண்டாவது தொடரில் ஒரு படுக்கையறைக் காட்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். திரையில் ஒரு ஆணின் முதுகு. அதில் என் தங்கையின் கை மெல்ல இறங்குகிறது. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணா, உக்காரு. அது யாரு முதுகு தெரியுமா? லைட்மேன் பெரியவரோடது. பேத்திக்குப் பொம்மை வாங்கணும்னு கதை சொல்லிக்கிட்டே படுத்திருந்தார். கிச்சுகிச்சு தாங்காம மூணு தடவை எழுந்து ஓடிட்டார்."

"டிவில ஒண்ணும் அப்படித் தெரியலையே."

"தெரியக் கூடாது. அதான் என் வேலை."

படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "கை வந்தாச்சா?" என்பார்கள். "கை சாப்பிடுது" என்று பதில் வரும். அவளுக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் ஒவ்வொரு தொடரும் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவள் என்னைப் பார்ப்பாள். நான் வாசித்துச் சொல்ல வேண்டும். லைட்மேன் பெரியவர் பெயர் வரும். டீ கொடுத்தவர் பெயர் வரும். குளவி வராமல் மருந்தடித்தவர் பெயரும் ஒருமுறை வந்தது. அவள் பெயர் வரவில்லை. "இன்னும் இருக்கா?" என்பாள். "முடிஞ்சிடுச்சு" என்பேன். ஆறு தொடருக்கும் இதே பேச்சு.

ஏழாவதுதான் பெரியது. மீண்டும் சிறை. பெண் கைதிகள் உண்ணாவிரதம் இருக்கிறார்கள். நாலாம் நாள், "நாங்களாகவே விருப்பப்பட்டுச் சாப்பிட ஒப்புக்கொண்டோம்" என்று ஒரு பொய்க் காகிதத்தை அதிகாரி கொண்டுவருகிறார். காவலர்கள் கதாநாயகியின் கையைப் பிடித்து, மையில் அழுத்தி, ரேகை வைக்கப் பார்க்கிறார்கள். வைத்தும் விடுகிறார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் காகிதத்தில் ரேகை இல்லை. அது அதிகாரியின் அறைச் சுவரெல்லாம் பதிந்திருக்கிறது. முன்பு அதே அறையில் இறந்துபோன ஒருத்தியுடைய ஆவியின் வேலை அது.

காகிதத்துக்கு மேல் கை மட்டும் தெரியும் காட்சி. ஒன்பது தடவை எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் டைரக்டரம்மா வேண்டாம் என்றார்.

"கை பயப்படுது. எனக்குப் பயம் வேண்டாம். மாட்டேன்னு சொல்லணும். வாய் இல்லாம சொல்லணும்."

பத்தாவது தடவை என் தங்கை கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நாலு விரலையும் அதன் மேல் மூடிக்கொண்டாள், பிறந்த குழந்தை வைத்துக்கொள்ளுமே, அப்படி. காவலராக நடித்தவர் நிஜமாகவே பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒவ்வொரு விரலாகத்தான் எடுக்க முடிந்தது. கடைசி விரல் விட்டதும் டைரக்டரம்மா "போதும்" என்றாராம்.

மறுநாள் மாலை, மேனேஜர் ஒரு காகிதத்தையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு தொடருக்கும் இப்படி ஒன்று வரும், அவளும் வைத்துவிடுவாள். இந்த முறை அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"எப்பவும் போடறதுதான்மா. சும்மா வச்சிட்டுப் போங்க, வண்டி கிளம்புது."

"படிச்சுக் காட்டுங்க."

"ரெண்டு பக்கம்மா இது!"

"ரெண்டு பக்கம்தானே. நேத்து நாலு மணி நேரம் வைக்க மாட்டேன்னு இழுத்துக்கிட்டு இருந்தேன் சார். இன்னைக்கு நீங்க கேட்டதும் நானே வச்சா, அந்தக் கைக்கு என்ன மரியாதை?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் படித்தார். ஆறாவது வரி இது: "மேற்படி காட்சிகளில் இடம்பெறும் கைகள் என்னுடையவை என்று எங்கும், எப்போதும், எவரிடமும் கூறமாட்டேன் என உறுதியளிக்கிறேன்."

அவள் திரும்பப் படிக்கச் சொன்னாள். ஆறு தடவை அதே வரிக்குத்தான் ரேகை வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இந்த வரிய அடிச்சிடுங்க. என் பேரையும் கடைசில போடுங்க."

"அது நம்ம கையில இல்லம்மா."

"என் கையில இருக்கு சார்" என்று கட்டைவிரலை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

காகிதத்தில் ரேகை இல்லாவிட்டால் அந்தக் காட்சியைப் போட முடியாது. வேறொரு கையை வைத்து மறுபடி எடுப்போம், அவளுக்கு இனி எங்கேயும் வேலை கிடைக்காது என்று மேனேஜர் ஆள் விட்டுச் சொன்னார். நான் அவளிடம் "பேரு வராட்டி என்ன, நாங்க பாக்குறோம்ல?" என்றேன்.

"நீ ஆறு தடவையும் 'முடிஞ்சிடுச்சு'ன்னு சொன்னப்ப உன் மூஞ்சிய நான் பாத்தேண்ணா" என்றாள்.

அந்த வாரம் கம்பெனியில் மூன்று பெண்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அழகான கைகள்தான். விரலை மடக்கினால் அடிக்கப் போகிற மாதிரி இருந்ததாம். இங்கே என் தங்கை வேறொரு வேலையில் இருந்தாள். வசனம் சரிபார்க்கும் பெண் ஒருத்தி அவளுக்குத் தோழி. அவளை வரச் சொல்லி, என் தங்கை தன் பெயரை மெதுவாக எழுதிக் காட்டச் சொன்னாள். எழுத்தைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்தாள். கதாநாயகி தம்ளர் தூக்குவதை, தலை கோதுவதை எல்லாம் அப்படித்தான் பார்த்துப் பார்த்துப் பிடித்திருக்கிறாள். நான் எழுதிக் காட்டட்டுமா என்றேன்.

"வேணாம். உன் எழுத்து டெப்போ எழுத்து. வண்டி கிளம்பிட்ட மாதிரியே ஓடும்."

ஐந்தாம் நாள் டைரக்டரம்மா வீட்டுக்கே வந்தார். எங்கள் வீட்டில் நல்ல நாற்காலி ஒன்றுதான். அதில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"கதாநாயகிகிட்ட பேசிட்டேன். 'உள்ளதச் சொல்றதுல எனக்கென்ன, எனக்கு அப்படி மடக்க வராது'ன்னு அவங்களே சொல்லிட்டாங்க. கம்பெனிதான் இழுத்துச்சு. நாலு நாள் பட்டினி கிடந்த கை அது, ரெண்டு நாள்ல பணிஞ்சுடும்னு நினைச்சீங்களான்னு கேட்டேன். வரிய எடுத்துட்டாங்க. பேரு வரும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க பேரு என்னம்மா? நாலு வருஷமா கேட்டதே இல்ல" என்றார்.

"காகிதத்துல போடறேன், பாத்துக்கோங்க" என்றாள் என் தங்கை.

நான் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். அவள் ஒரு காலத்தில் வில்லை துடைத்த அதே அறை, இப்போது சிறை அதிகாரியின் அறை. சுவரெல்லாம் கருப்பு ரேகைகள், அத்தனையும் அவளுடையவை. மேனேஜர் காகிதத்தை விரித்தார். ஆறாவது வரியின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தது. கோணல் இல்லாத நல்ல கோடு. பழக்க தோஷத்தில் மைப்பெட்டியையும் திறந்து நீட்டினார். அவள் அதன் மூடியை மெல்ல மூடினாள். சத்தம் வரவில்லை. பேனாவை வாங்கினாள். முதல் எழுத்து நன்றாக வந்தது. மூன்றாவது எழுத்தில் கை நின்றது, எல்லாரும் காத்திருந்தோம். பிறகு தோழியின் மணிக்கட்டு எப்படித் திரும்பியதோ அப்படியே திரும்பி, கடைசி எழுத்து வரை போய், புள்ளி வைத்தது.

டைம்கீப்பர் பழக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்: 2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது.