குசினிக்குள் வைத்த வெளிப்பெட்டி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நான் துறைமுகத்தில் துரு சுரண்டுகிறேன். படகுகளின் கம்பிகள், சங்கிலிகள், நங்கூரங்கள். சுரண்டிப் பெயின்ற் அடித்துவிட்டு அடுத்த படகை முடித்துத் திரும்பி வந்தால், முதல் படகில் மறுபடியும் துரு நிற்கும். இந்த வேலை செய்கிறவனுக்கு உப்புக் காற்றைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வராது. வீட்டிலும் கேற் பிணைச்சலையும் யன்னல் கம்பியையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டுதான் நடப்பேன்.

ஆகவே வீட்டுக்கு ஏசி பூட்டுவது என்று முடிவானபோது, அது குளிருமா என்று நான் கவலைப்படவில்லை. எவ்வளவு காலத்தில் துருப்பிடித்து உக்கும் என்றுதான் கவலைப்பட்டேன்.

ஏசி எங்களுக்கல்ல, கேக்குக்கு. எங்கள் தேவாலயப் பங்கில் கலியாணம் என்றால் மூன்று தட்டுக் கேக் என் மனைவியின் கையால்தான் போகும். மாரியில் மழை பெய்தாலும் புழுக்கம் விடாது. காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துச் சீனிப்பூக்கள் தலையைத் தொங்கப்போடும், பட்டர் ஐசிங் இளகும். பிரிட்ஜுக்குள் வைத்தால் வெளியில் எடுத்தவுடன் கேக் வியர்க்கும். முந்தின மாரியில் ஒரு கேக்கின் மேல்தட்டு, மண்டபத்தில் எல்லாரும் பார்த்திருக்கச் சரிந்தது. அதற்குப் பிறகு ஒரே ஒரு கலியாணத்துக்குத்தான் கேக் கேட்டு ஆள் வந்தது. அன்புவழிபுரத்திலிருந்து வந்த கலியாணப் பொம்பிளையின் தாய், "போன வருசம் மாதிரி இல்லைத்தானே, பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் போனா. இதுவும் சரிந்தால் தன் கேக் வேலை அதோடு முடிந்தது என்று மனைவி சொன்னாள். அவள் சும்மா சொல்கிறவள் அல்ல.

ஹோட்டல் ஒன்றில் கழற்றிப் போட்ட ஏசி கிடைத்தது. பூட்டுவதற்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு நானா வந்தார். குளிர் வருகிற நீளப் பெட்டியைக் கேக் அறைச் சுவரில் ஏற்றினார். காற்றாடி வைத்த பெரிய பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டார். நான் பக்கத்தில் நாங்கள் சமைக்கிற குசினியைக் காட்டினேன்.

"அது வெளிய வைக்கிற பெட்டி, தம்பி."

"வெளியில உப்புக் காத்து, நானா. ரெண்டு வருசத்தில திண்டு போடும்."

நானா கையில் இருந்த குறட்டைக் கீழே வைத்தார். "இது குளிரச் செய்யிற சாமான் இல்ல. அறைக்குள்ள கிடக்கிற சூட்ட அள்ளி வெளிய கொட்டுற சாமான். பைப்புக்குள்ள ஓடுற கேஸ் அங்க சூட்டக் குடிக்கிது. கொம்பிரசர் அத நெரிச்சு இஞ்சால தள்ளுது. இந்தக் காத்தாடி ஊதி ஊதி அந்தச் சூட்டக் கழட்டி விடுது. கேஸ் திரும்ப வெறுங்கையோட அறைக்குப் போகுது. விளங்குதா? வள்ளத்துக்குள்ள ஏறின தண்ணிய நீங்க எங்க இறைப்பீங்க?"

"கடலுக்குள்ள."

"இப்ப நீங்க பக்கத்தில கட்டிக் கிடக்கிற வள்ளத்துக்குள்ள இறைக்கச் சொல்றீங்க."

"அதுவும் வேற வள்ளம்தானே, நானா?"

அவர் குறட்டைத் திரும்ப எடுத்தார். "ஓம். அதுவும் தாழும்" என்றார்.

ஆனாலும் பூட்டித் தந்தார். குசினி யன்னலையாவது எந்நேரமும் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். யன்னலைத் திறந்தால் உப்பு வரும். பிறகு பெட்டியை உள்ளே வைத்ததில் என்ன பிரயோசனம்? நான் யன்னலுக்குப் பலகை அடித்து, இடுக்குகளுக்குச் சிலிக்கனும் பூசினேன். படகு வேலையில் எனக்கு நன்றாக வரும் வேலை அது ஒன்றுதான்.

கேக் அறை குளிர்ந்தது. குசினி அடுப்பில்லாமலே கொதித்தது. மனைவி சோறு கறியைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் சமைத்தாள். நான்கு நாளாக மழை விடாததால் ஊரில் ஒருவருக்கும் உடுப்புக் காயவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளோடு வந்து, "தம்பி, உங்கட குசினிக்குள்ள ஒருக்காப் போடட்டே?" என்று கேட்டா. அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டன. அடுத்த நாள் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க வந்துவிட்டது. குசினியில் நான்கு கொடி கட்டினோம். வாசலில் வாளியோடு நிற்கிறவர்கள் என் மனைவியிடம், "இண்டைக்குக் கேக் இல்லையோ? ஏசியைப் போடன், பிள்ளை" என்று கேட்கத் தொடங்கினார்கள். கேக்கே இல்லாமல் வெறும் மேசைக்கு இரண்டு நாள் ஏசி ஓடியது.

கலியாண நாள் வந்தது. பின்னேரம் நான்கு மணிக்குக் கோயிலில் பூசை. காலையில் மனைவி கடைசிச் சீனிப்பூவையும் குத்தி முடித்து அறையைச் சாத்தினாள். பதினொரு மணியளவில் ஏசியின் சத்தம் நின்றது. கொஞ்சத்தில் வந்தது. திரும்ப நின்றது. நான் குசினிக் கதவைத் திறந்தேன். முகத்தில் ஆவி அடித்தது. உள்ளே பெட்டியை ஒரு வெள்ளை உருவம் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது.

எங்கள் பங்குக் குருவான சுவாமியின் நீள அங்கி. கோயில் துணிகளை வீட்டுக்கொரு கிழமை முறை வைத்துத் தோய்ப்பது எங்கள் பங்கு வழக்கம். அந்தக் கிழமை பக்கத்து வீட்டு அக்காவின் முறை. கலியாணப் பூசைக்கு வேண்டிய அங்கியை அவ கெதியாகக் காயட்டும் என்று பெட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறா. பெட்டி பின்பக்கத்தால் காற்றை இழுக்கிறது, அங்கியையும் இழுத்து ஒட்டிக்கொண்டுவிட்டது. மூச்சு முட்டினால் அதற்குச் சூட்டைக் கழற்ற ஏலாது.

அங்கியை உரித்தெடுத்தேன். அக்கா ஓடிவந்து, "காயேல்லையே, தம்பி! சுவாமி எதைப் போடுறது?" என்றா.

"அக்கா, கேக் உருகுது!"

"பூசை இல்லாட்டிக் கேக்கை ஆர் வெட்டுறது?"

அவ அங்கியை ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்துக் காயவைப்பதாகச் சொல்லித் தூக்கிக்கொண்டு போனா. கொடிகளில் கிடந்ததையெல்லாம் இறக்கினோம். பின்கதவைத் திறந்தோம். பெட்டி ஐந்து நிமிடம் ஓடி மறுபடியும் நின்றது. கேக் அறையில் ஒரு சீனிப்பூ நிலத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"வள்ளம் தாழ்ந்திட்டுதா?" என்றார் எடுத்தவுடன். பிறகு இரக்கப்பட்டு, "சூடு போக வழி குடுங்க, தம்பி. யன்னலத் திறங்க" என்றார்.

யன்னல் திறபடாது. நான் அடித்த பலகை அல்லவா. ஒரு ஆணியை இழுக்கவே கால் மணித்தியாலம் போனது. மனைவி அண்ணாந்து கூரைத் தகரத்தைப் பார்த்தாள்.

"அதைக் கழட்டுங்கோ."

"மழை பெட்டிக்கு மேல கொட்டுமே!"

"அது வெளியில நிக்கிறதுக்கெண்டு செய்த பெட்டி. மழைக்குப் பயமெண்டா உங்களுக்குத்தான்."

ஏணி வைத்து ஏறினேன். தகரத்தை இறுக்கியிருந்த போல்ற்றுகள் துருப்பிடித்து, கையால் முறுக்கவே நொறுங்கின. துரு எனக்கு உதவி செய்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். இரண்டு தகரங்களை இழுத்தேன். ஆவி புகைக்கூண்டு மாதிரி மேலே போனது. மழை நேரே பெட்டியின் முதுகில் விழுந்து சீறியது. கொஞ்ச நேரத்தில் கொம்பிரசர் ஓடத் தொடங்கியது. பிறகு அது நிற்கவேயில்லை. அப்படி ஒரு குளிர் அந்த அறைக்கு முன்பு வந்ததே கிடையாது. மனைவி கணுக்கால் தண்ணீரில் நின்று, குசினிச் சட்டி பானைகள் மிதந்து போவதைப் பார்த்து, "கேக் நிக்குதோ?" என்று மட்டும் கேட்டாள். "நிக்குது" என்றேன்.

இரண்டரை மணிக்கு, மழைக்குப் படங்கு மூடிய வான் வண்டியில் கேக் போனது. நான் மடியில் பிடித்திருக்கவில்லை. அவளே பிடித்துக்கொண்டாள், என்னை நம்பித் தரவில்லை.

பூசை முடிந்து சுவாமி மண்டபத்துக்கு வந்தார். அங்கி அரைவாசிதான் காய்ந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே ஈரம், தோளில் ஸ்திரிக்கை சுட்ட மஞ்சள் அடையாளம். கேக்கை ஆசீர்வதிக்கக் கிட்டப் போனார். ஈரத் துணி சீனிப்பூவுக்கு இவ்வளவு கிட்ட வரலாமா? அவர் செபத்தை நீட்ட நீட்ட நான் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கத்தியைப் பிடித்தார்கள். மூன்று தட்டும் அசையவில்லை. கத்தி இறங்கியது.

பொம்பிளையின் தாய் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு மனைவியிடம் வந்தா. "இளையவளுக்குச் சித்திரையில, பிள்ளை. நீதான்" என்றா.

மனைவி தலையாட்டினாள். அவ போனபிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு அந்தப் பெட்டி வெளியில."

"உப்பு..." என்றேன்.

"தின்னட்டும்."

நானா வந்து பெட்டியைக் கடல் பக்கச் சுவரில் பூட்டினார். சித்திரைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. நான் அன்றே பிறஷும் பெயின்ற்றும் வாங்கி வந்தேன்.