ஒரு ஆணிகூட அடிக்காத வீடு

கம்பத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருந்தேன். அந்த வீட்டுக்காரம்மா இன்று காலை, சொல்லாமல் கொள்ளாமல், காமயகவுண்டன்பட்டியில் நான் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டார். டவுன் பஸ்ஸில்.

"ஆள் எப்படின்னு அவுக இருக்கிற வீட்டப் பாத்தாத்தான் தம்பி தெரியும்."

குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துக்கொண்டே நான்கு சுவர்களையும் பார்த்தார்.

"எத்தன வருசமா இங்கன இருக்கீக?"

"மூணு வருசம்க்கா."

"ஒரு ஆணிகூட அடிக்கலையே?"

பெருமையாகத் தலையாட்டினேன். சுவரைக் கெடுக்காதவன் அல்லவா. அவர் முகம் வாடிவிட்டது.

"போன வருசம் எங்க வீட்டுக்குக் குடிவந்த ரெண்டு குடும்பமும் இப்படித்தான் சுவத்துல ஒண்ணும் மாட்டல. நாலே மாசத்துல பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாக. வீடு சும்மா பூட்டிக் கெடந்துச்சு."

நான் அப்படிப் போகமாட்டேன் என்றேன். சொல்லும்போது எனக்கே முழு நம்பிக்கை வரவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வீடு தாரேன். குடிவந்த அன்னைக்கே ஒரு ஆணி அடிச்சு எதையாச்சும் மாட்டிரணும்."

சரி என்றுவிட்டேன்.

காலையிலிருந்து வீடு முழுக்கத் தேடுகிறேன். மாட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

உங்கள் வீட்டில் நீங்கள் அடித்த முதல் ஆணியில் என்ன தொங்குகிறது?