பாயின் மூலையில் ஒன்பது சக்கரம்

பாய்க்கு விலை எழுதி வைக்கிற வீட்டில் நீங்கள் பெண் எடுப்பீர்களா? போன சனிக்கிழமை எங்கள் மகள் எஸ்தரின் கல்யாணமே இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

எழுதுகிறவள் என் மனைவி. புதுப் பாய் வீட்டுக்குள் வந்த அன்றைக்கே, வண்ணார் துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டை மையால் அடிப்பக்க மூலையில் வருஷத்தையும் விலையையும் எழுதிவிடுவாள். "இந்த வருசம் கோரைக்கு ரேட்டு கூடிப் போச்சு" என்று பாய்க்காரர் ஆரம்பித்தால் போதும், பழைய பாயைப் புரட்டிக் காட்டுவாள். பாவம் மனுஷர், பழைய விலைக்கே கொடுத்துவிட்டுப் போவார்.

இப்போதோ எல்லாம் தலைகீழ். தேங்காய் விலை விழுந்தது, நெல் விலை விழுந்தது… பாய் மட்டும் நிற்குமா? நாலு வருஷத்துக்கு முன் பதினாலு சக்கரம் காசு கொடுத்து வாங்கிய அதே அளவுப் பாய், போன மாதம் ஒன்பது சக்கரம்! "அம்மா, நீங்க புரட்டாண்டாம், நானே கொறச்சுத் தாறேன்" என்று பாய்க்காரரே சரணடைந்துவிட்டார்.

சனிக்கிழமை ஆரல்வாய்மொழியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பேச்சு முடிக்க வந்தார்கள். பாய் விரிக்கிற பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன் — அங்கேதான் கெட்டது காரியம். பழைய பாய்களில் மேல்பக்கம் சாயம் மங்கிக் கிடந்தது. அடிப்பக்கம் பளிச்சென்று இருந்தது. எல்லாவற்றையும் புரட்டிப் போட்டேன். ஒன்றுபோல இருக்கட்டுமே என்று புதுப் பாயையும் புரட்டினேன். எப்பேர்ப்பட்ட மூளை!

புதுப் பாயில் மாப்பிள்ளையின் அம்மாவையும் அவருடைய தம்பியையும் உட்கார வைத்தேன். பக்கத்தில் விரித்த பழைய பாயில் வண்டிக்காரர். உபதேசியார் ஜெபம் தொடங்கினார். எல்லோரும் முழங்காலிட்டு, நெற்றி பாயில் படுகிற மாதிரி குனிந்தோம். எங்கள் உபதேசியாரின் ஜெபம் உங்களுக்குத் தெரியாது. ஆதாமில் ஆரம்பித்து, வாசலில் நிற்கிற வண்டி மாடு வரைக்கும் வந்துதான் முடிப்பார்.

'ஆமென்' சொன்னதுதான் தாமதம், தம்பிக்காரர் துள்ளி எழுந்தார்.

"என்ன வே இது? தாய்மாமன் எனக்கு வெலை கொறஞ்ச பாயி, வண்டிக்காரனுக்கு வெலை கூடின பாயா? நல்ல மரியாத வே! எக்கா, எந்திரி, போவோம்!"

எனக்கு வியர்த்துக் கொட்டியது. வாராவாரம் பேப்பரில் எழுதுகிறவன் ஆயிற்றே… உலகம் முழுக்க விலை விழுந்த கதையை விளக்க ஆரம்பித்தேன்.

"ஒலகத்த விடும் வே!" என்றார்.

கதவோரம் எஸ்தர் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பையனை அவளுக்கு எவ்வளவு பிடித்துப் போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அசையவில்லை.

"ஏலே, இருலே அங்கே. ஜெபம் பண்ணையில எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுல்லா இருந்தோம்? ஒனக்கு மட்டும் எப்பிடிலே வெலை தெரிஞ்சுது?"

உபதேசியார் தம்பிக்காரரைப் பார்த்தார். தம்பிக்காரர் கூரையைப் பார்த்தார். வண்டிக்காரர்தான் முதலில் சிரித்தார்.

அந்த அம்மாள் என் மனைவி பக்கம் திரும்பினார். "ஒம்பது சக்கரத்துக்கு இப்பிடி ஒரு பாயி எங்க ஊருல கெடைக்காது மைனி. அந்தப் பாய்க்காரன எங்க பக்கமும் அனுப்பி வையுங்கோ."

தம்பிக்காரர் உட்கார்ந்தார். முந்திரிக்கொத்து வந்தது. தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வண்டி போன பிறகு, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த என் மனைவி தனக்குள்ளே சிரித்தாள்.

"என்னட்டி சிரிக்க?"

"அவரு வெலை கொறஞ்ச பாயின்னுதான சொன்னாரு? ஒம்பதுன்னு அந்த அம்மாளுக்கு யாரு சொன்னா?"

அட, ஆமாம்!

எஸ்தர் நல்ல இடத்துக்குத்தான் போகிறாள். சீர்ப் பெட்டியில் ஒரு குப்பி சேங்கொட்டை மையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.