கவிழ்ந்த ரொட்டி

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் நுர்மத் தன் ரொட்டி அடுப்பை மனைவி ரானோவிடம் விட்டுவிட்டு, மீசையில் ஒட்டிய மாவோடு தேநீர்க்கடைக்கு வந்து முதல் வரிசையில் சம்மணமிட்டுவிடுவார். கோகந்து நகரத்துச் சந்தையில் அஷூர் வித்தை காட்டுவது அங்கேதான். கூட்டம் அஷூரின் ஆடுகிற கையைப் பார்க்கும். நுர்மத் ஆடாத கையைப் பார்ப்பார். "சும்மா இருக்கிற கைதான்யா வேலை பாக்குது" என்பார்.

அந்த ஊர்ப் பேச்சிலும் வித்தைக்காரனுக்குக் கண்ணைக் கட்டுகிறவன் என்றுதான் பெயர். "என் கண்ணக் கட்ட எவனும் இன்னும் கயிறு திரிக்கல" என்று நுர்மத் பீற்றிக்கொள்வார். வீட்டில் செய்துபார்த்தே நாலு பீங்கான் கிண்ணங்களை உடைத்தாயிற்று. விருந்தாளிகளுக்கு ரானோ இப்போது தகரக் குவளையில்தான் தேநீர் கொடுக்கிறாள். முட்டை மறைவது, அறுத்த கயிறு ஒட்டுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஓட்டை வாய். போன வசந்தத்தில் கயிற்று வித்தையைக் கூட்டத்தின் நடுவே போட்டு உடைத்தார். எல்லோரும் சிரித்தார்கள், அஷூர் நாலு மாதம் வரவில்லை. தேநீர்க்கடை எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் நுர்மத்தே போய்க் கெஞ்சி அழைத்துவந்தார்.

"இன்னொரு தரம் வாயத் தொறந்தீங்க அண்ணே, இந்தச் சந்தைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அஷூர் வந்தான்.

பிடிபடாத வித்தை ஒன்றே ஒன்று. கிண்ணத்துக்கு அடியில் வைத்த கொண்டைக்கடலை, யாராவது ஒருவருடைய தொப்பி மடிப்பிலிருந்து வெளியே வரும். பாதி நாள் அது நுர்மத்தின் தொப்பியாகவே இருக்கும்.

போன வாரம் அடுப்பில் வலக்கையைச் சுட்டுக்கொண்டு, கட்டோடு வந்து உட்கார்ந்தார். பாதி வித்தையில் அஷூரின் முழங்கை பட்டு, விரிப்பில் இருந்த ரொட்டி குப்புறக் கவிழ்ந்தது. ரொட்டி முகம் கவிழ்ந்து கிடந்தால் அங்கே யாருக்கும் பொறுக்காது. ஐந்தாறு கைகள் பாய்ந்தன, தலைகள் குனிந்தன. இடக்கையால் ரொட்டியைத் தொடுகிறவரல்ல நுர்மத். அதனால் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். குனிந்த தொப்பி ஒன்றின் மடிப்பில் அஷூரின் விரல் கடலையைச் செருகியதைப் பார்த்தார். ரொட்டி ஒவ்வொரு வாரமும் விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வாரமும் முதலில் பாய்ந்தது அவர் கைதான்.

அவர் பார்த்ததை அஷூரும் பார்த்துவிட்டான். முகம் வெளுத்துப்போயிற்று.

"என்னண்ணே, முழிக்கிறீங்க? பிடிச்சிட்டீங்களா?" என்றார் பக்கத்தில் இருந்த தர்பூசணி வியாபாரி.

நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. "கை எரியுதுப்பா. நான் எங்க பாத்தேன்?" என்றார் நுர்மத்.

ஜெயித்த சந்தோஷம் அவருக்கு வீடுவரைகூட நிற்கவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமை எதைப் பார்க்கப் போவது என்று வருத்தமாக இருந்தது.

இந்த வாரம் கையில் கட்டு இல்லை. அதே இடம், அதே கிண்ணங்கள். ரொட்டியருகே வந்த அஷூரின் முழங்கை அவரைப் பார்த்துத் தயங்கியது, பிறகு தட்டிவிட்டது. நுர்மத்தின் கை எல்லோருக்கும் முன்னால் பாய்ந்தது. ரொட்டியைத் திருப்பி எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, கண்களை இறுக மூடிக்கொண்டு, தொப்பியைத் தாழ்த்திக் கொடுத்தார்.